பூட்ஸ் நாடா கோக்க 37 லட்சம் வழி!

அழகுக்கு ஒரு கோலம். விழாமல் இருக்க ஒரு முடிச்சு

2006-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரம். அங்கே பிட்ஸ்வில்லியம் பொருட்காட்சி சாலை என்று ஒன்று இருக்கிறது. அதன் மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

படியின் ஓரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னல் திண்டில் மூன்று பெரிய சீனப் பீங்கான் ஜாடிகள். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் செய்தவை. மதிப்பு? ஒரு லட்சம் பவுனுக்கு மேல்!

திடீரென்று அவர் கால் இடறியது. பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. உருண்டு வந்து ஜன்னல் மேல் விழுந்தார்.

தடால்!

மூன்று ஜாடிகளும் சுக்கு நூறாயின. நல்ல வேளை, அவருக்குப் பெரிய காயம் இல்லை.

"எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

"பூட்ஸ் நாடா அவிழ்ந்திருந்தது. அது தடுக்கிவிட்டது!" என்றார் அவர்.

பிறகு நிபுணர்கள் வந்தார்கள். தரையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பல மாதம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். ஜாடிகள் மறுபடியும் காட்சிக்கு வந்தன.

இரண்டு ஆண்டு கழிந்தது. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. சீனத் தலைநகர் பீகிங்கில் ஒலிம்பிக் பந்தயம். 100 மீட்டர் ஓட்டம். ஜமைக்கா வீரர் உசேன் போல்ட் 9.69 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார். தங்கப் பதக்கம் பெற்றார். பந்தயம் முடிந்து படத்தைப் பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். ஏன்?

அவருடைய ஒரு கால் பூட்ஸின் நாடா அவிழ்ந்து கிடந்தது!

நாடா அவிழ்ந்தும் போல்ட் தப்பினார். கேம்பிரிட்ஜ்காரர் தப்பவில்லை. நாம் எல்லோரும் போல்ட் அல்ல! ஆகவே, இந்த நாடாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

அதை எப்படி அழகாகக் கோப்பது? எத்தனை விதமாகக் கோக்கலாம்? அவிழாமல் எப்படிக் கட்டுவது? பார்ப்போம், வாருங்கள்.

குகையில் கிடைத்த பூட்ஸ்

நாடா நேற்று வந்ததா? இல்லை. அதற்கு வயது ஐயாயிரத்துக்கு மேல்!

ஆர்மீனியா என்ற நாட்டில் அரேனி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குகை. 2008-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குகையைத் தோண்டினார்கள். ஒரு குழிக்குள் ஒற்றைக் கால் பூட்ஸ் கிடைத்தது.

ஒரே மாட்டுத் தோலில் வெட்டி, காலைச் சுற்றி மடித்துச் செய்த பூட்ஸ் அது. முன்பக்கம் வரிசையாகத் துளைகள். துளைகளில் தோல் வாரைக் கோத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அதன் வயதைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 5,500 ஆண்டுகள்! எகிப்து நாட்டின் பெரிய பிரமிடு கட்டுவதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முன்பே, யாரோ ஒருவர் குனிந்து அந்த வாரைக் கட்டியிருக்கிறார்.

இத்தனை காலம் அது எப்படிக் கெடாமல் இருந்தது? குகை உலர்ந்த குகை. மேலே ஆட்டுப் புழுக்கை கெட்டியாக மூடியிருந்தது. ஈரம் உள்ளே புகவில்லை. பூட்ஸுக்குள் புல் திணித்து வைத்திருந்தார்கள். கால் குளிராமல் இருக்கவா, பூட்ஸ் வடிவம் கெடாமல் இருக்கவா? போட்டவருக்குத்தான் வெளிச்சம்!

அரண்மனையில் அதிர்ச்சி

பழைய பொருளானாலும், நாடாவுக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லை.

18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் பூட்ஸில் கொக்கி மாட்டினார்கள். வெள்ளிக் கொக்கி, பித்தளைக் கொக்கி, கல் பதித்த கொக்கி. கொக்கியைப் பார்த்தே ஆளின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். நாடா கட்டியவன் சாதாரண ஆள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஆடம்பரம் வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது.

1792-ம் ஆண்டு பதினாறாம் லூயி மன்னரின் அரண்மனைக்கு ரோலான் என்ற புதிய மந்திரி வந்தார். அவர் பூட்ஸில் கொக்கி இல்லை. வெறும் நாடா! வாசலில் நின்ற அரண்மனை அதிகாரி திடுக்கிட்டுப் போனார். அருகே இருந்த டூமோரியே என்ற தளபதியிடம், பூட்ஸில் கொக்கிகூட இல்லையே என்று முறையிட்டார். தளபதி குறும்புக்காரர். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, அப்படியானால் எல்லாமே போய்விட்டது என்றாராம்!

தளபதி கேலியாகச் சொன்னார். ஆனால் அது பலித்துவிட்டது. அந்த ஆண்டே மன்னர் ஆட்சி கவிழ்ந்தது.

கொக்கி போய் நாடா வந்ததால் அழுதவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் பகுதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கொக்கி செய்து பிழைத்தார்கள். நாகரிகம் மாறியது. கொக்கி வாங்க ஆள் இல்லை. அடுப்பு எரியவில்லை. 1791-ம் ஆண்டு அவர்கள் இளவரசரிடம் மனுக் கொடுத்தார்கள். இளவரசர் இரக்கப்பட்டார். தாமும் தம் ஆட்களும் கொக்கியே அணிவோம் என்றார். ஆனால் ஊர் கேட்கவில்லை. நாடாதான் ஜெயித்தது!

இத்தனை சிறிய பொருள் எத்தனை குடும்பத்தின் சோற்றைத் தொட்டுவிட்டது, பாருங்கள்.

கணக்குப் போட்டவர்

சரி, நாடாவை எத்தனை விதமாகக் கோக்கலாம்?

உங்கள் பூட்ஸை எடுத்துத் துளைகளை எண்ணுங்கள். இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 துளை.

முதலில் எந்தத் துளையில் நுழையலாம்? 12 வழி. அடுத்தது? மீதி 11. அதற்கு அடுத்தது 10. இப்படியே பெருக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு துளையிலும் மேலிருந்தும் நுழையலாம், கீழிருந்தும் நுழையலாம். அதையும் சேருங்கள். விடை என்ன தெரியுமா?

ஒரு லட்சத்து 96 ஆயிரம் கோடிக்கு மேல்!

ஆனால், இதில் பெரும்பாலானவை வெறும் சிக்கல். பூனை விளையாடிய நூல்கண்டு போல இருக்கும். காலை இழுத்துப் பிடிக்காது.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பர்கார்டு போல்ஸ்டர் என்ற கணித ஆசிரியர் இருக்கிறார். அவர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒவ்வொரு துளையும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுக்க உதவ வேண்டும். சும்மா இருக்கும் துளை கூடாது." இப்படி வடிகட்டிய பிறகும், 6 ஜோடித் துளைக்கு எத்தனை வழி மிஞ்சியது?

37 லட்சத்து 58 ஆயிரத்து 400!

ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயே தீர வேண்டும் என்று இன்னும் இறுக்கினால் 43,200. நாளைக்கு ஒரு விதம் என்று கோத்தால்கூட 118 ஆண்டு ஆகும்!

2002-ம் ஆண்டு 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அவர் தம் முடிவை வெளியிட்டார். எது பலமான கோப்பு? எதற்கு நாடா குறைவாகச் செலவாகும்? இவைதான் கேள்விகள்.

பலத்தில் முதலிடம் பெற்றவை இரண்டு. ஒன்று, நாம் எல்லோரும் கோக்கும் குறுக்குக் கோப்பு. மற்றொன்று, நேர்க்கோட்டுக் கோப்பு. படிக்காத செருப்புத் தொழிலாளியும், பட்டாளத்துச் சிப்பாயும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் காலம் காலமாகக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்ததே சரி! கணிதம் வந்து கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

நாடா குறைவாகச் செலவாகும் கோப்பு எது? அது யாரும் அதிகம் கோக்காத வண்ணத்துப்பூச்சிக் கோப்பு!

நீங்களே கோத்துப் பாருங்கள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஒரு பழைய பூட்ஸையும் ஒரு நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஜோடித் துளை இருந்தால் வசதி. நாடா ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

துளைகளுக்கு மனத்தில் நம்பர் போடுங்கள். கால்விரல் பக்கம் இருப்பது 1. கணுக்கால் பக்கம் இருப்பது 6.

குறுக்குக் கோப்பு: இது எல்லோருக்கும் தெரிந்தது. நாடாவின் இரு முனைகளையும் 1-ம் துளைகளில் உள்ளிருந்து வெளியே எடுங்கள். இரண்டையும் குறுக்கே மாற்றி, 2-ம் துளைகளில் உள்ளிருந்து வெளியே எடுங்கள். இப்படியே 6 வரை போங்கள். மேலே பார்த்தால் பெருக்கல் குறிகள் அடுக்கியது போல இருக்கும்.

நேர்க்கோட்டுக் கோப்பு: ஏணிப்படி போல, குறுக்கே நேர் கோடுகள் மட்டும் தெரியும். பிரிட்டிஷ் பட்டாளத்தின் அணிவகுப்பு பூட்ஸில் இதைப் பார்க்கலாம். பார்க்க எளிது; கோக்கும்போது கவனம் வேண்டும்.

முதலில் நாடாவை 1-ம் துளைகளின் மேல் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் உள்ளே விடுங்கள்.

இடது முனையை உள்ளுக்குள்ளேயே மேலே கொண்டுபோய் இடது 2-ல் வெளியே எடுங்கள். குறுக்கே கொண்டுபோய் வலது 2-ல் உள்ளே விடுங்கள். பிறகு உள்ளுக்குள் மேலே ஏற்றி, ஒரு துளை தாண்டி, வலது 4-ல் வெளியே எடுங்கள். குறுக்கே இடது 4-ல் உள்ளே விடுங்கள். கடைசியில் இடது 6-ல் வெளியே எடுங்கள். ஒரு முனை முடிந்தது.

மற்ற முனை வலது 1-ல் காத்திருக்கிறது. அதை வலது 3-ல் வெளியே எடுத்து, குறுக்கே இடது 3-ல் உள்ளே விடுங்கள். உள்ளுக்குள் ஏற்றி இடது 5-ல் வெளியே எடுத்து, வலது 5-ல் உள்ளே விடுங்கள். கடைசியில் வலது 6-ல் வெளியே எடுங்கள்.

இரண்டு முனையும் மேலே வந்து சேர்ந்துவிட்டன அல்லவா? ஐந்து கோடுகள் அளவெடுத்தாற்போல நிற்கும். 4 ஜோடி, 6 ஜோடி, 8 ஜோடி என்று இரட்டைப்படையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். 5 ஜோடி இருந்தால் ஒரு ஜோடியை விட்டுவிடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக் கோப்பு: 1-ல் மேலே குறுக்காக வைத்து உள்ளே விடுங்கள். இரு முனைகளையும் தத்தம் பக்கத்திலேயே நேராக ஏற்றி 2-ல் வெளியே எடுங்கள். இப்போது குறுக்கே மாற்றி, எதிர்ப்பக்கத்து 3-ல் மேலிருந்து உள்ளே விடுங்கள். மறுபடி நேராக ஏற்றி 4-ல் வெளியே எடுங்கள். குறுக்கே மாற்றி 5-ல் உள்ளே. நேராக ஏற்றி 6-ல் வெளியே. நடுவில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்திருக்கும்!

நாடா கட்டையாகிப் போச்சா, முனை அறுந்து நீளம் போதவில்லையா? தூக்கி எறியாதீர்கள். இந்தக் கோப்பில் அது போதும்.

ஏணிக் கோப்பு: இது உயரமான பட்டாள பூட்ஸுக்கு ஏற்றது. அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் இப்படிக் கோப்பது வழக்கம். 1-ல் உள்ளிருந்து வெளியே எடுத்து, நேராக மேலே ஏற்றி, அதே பக்கத்து 2-ல் மேலிருந்து உள்ளே விடுங்கள். முனைகளை நடுவழியாக வெளியே கொண்டுவாருங்கள். எதிர்ப்பக்கம் கொண்டுபோய், அங்கே நிற்கும் நாடாவின் அடியில் நுழையுங்கள். பிறகு நேராக மேலே ஏற்றி 3-ல் உள்ளே விடுங்கள். இப்படியே தொடருங்கள். கணுக்காலைப் பூட்டுப் போட்டாற்போலப் பிடிக்கும். ஆனால் கட்டவும் அவிழ்க்கவும் நேரம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

சதுரங்கக் கோப்பு: பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் இதுதான். இரண்டு நிறத்தில் பட்டை நாடா வேண்டும். ஒரு நிறத்தை நேர்க்கோட்டுக் கோப்பாகக் கோத்துக்கொள்ளுங்கள். மற்ற நிறத்தை அந்தக் கோடுகளுக்கு ஊடே மேலும் கீழுமாக நுழைத்துப் பின்னுங்கள். பாய் முடைவது தெரியுமா? நாடாக் கட்டில் பின்னுவது தெரியுமா? அதேதான். பாவும் ஊடும்! முடிந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை தெரியும்.

ஒரு குறை உண்டு. நினைத்தபடி இறுக்கவும் தளர்த்தவும் முடியாது. கொஞ்சம் தளர்வான பூட்ஸில், செருப்புப் போல நுழைத்துக்கொள்ளத்தான் சரிப்படும். ஓட்டப் பந்தயத்துக்கு வேண்டாம்.

நாடா பேசும் பாஷை

இந்தச் சதுரங்கக் கோப்பை விரும்பிக் கோத்தவர்கள் யார்? அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஏழை இளைஞர்கள்.

1970-களின் கடைசியிலும் 1980-களிலும் அங்கே தெருவில் நடனம் ஆடும் பையன்கள் இருந்தார்கள். புதுப் பூட்ஸ் வாங்க அடிக்கடி காசு கிடைக்காது. நாடா மலிவு. ஆகவே பூட்ஸ் பழையதானாலும் நாடாவைப் புதிதாக்கினார்கள். சாதாரண நாடாவை இழுத்து, நீட்டி, இஸ்திரி போட்டு அகலமாக்கினார்கள். பளீரென்ற நிறத்தில் கோத்தார்கள். அதைப் பார்த்துப் பின்னால் கம்பெனிகளே அகல நாடா விற்றன!

அதே ஊரில் ரன்-டி.எம்.சி. என்ற பாடகர் குழு வேறு விதமாகச் செய்தது. அவர்கள் பூட்ஸில் நாடாவே கிடையாது! சிறையில் அடைக்கும்போது கைதிகளின் நாடாவைக் கழற்றிக்கொள்வார்கள். அதனால், "இது சிறைக்குப் போனவன் கோலம்" என்று சிலர் பழித்தார்கள். அதற்குப் பதிலாக 1986-ம் ஆண்டு அந்தக் குழு தங்கள் பூட்ஸைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. அந்தப் பூட்ஸ் குற்றவாளியின் அடையாளம் அல்ல என்பதே அந்தப் பாட்டின் கருத்து. பாட்டு பிரபலமாயிற்று. அந்தப் பூட்ஸை விற்ற கம்பெனியே அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

நாடாவில் நஞ்சும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில நிறவெறிக் கும்பல்கள் கறுப்பு பூட்ஸில் வெள்ளை அல்லது சிவப்பு நாடாவை ஏணிக் கோப்பாகக் கோத்து, அதைத் தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டன. அந்த நிற நாடா கட்டிய எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்ல. பெரும்பாலோர் அழகுக்குத்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் அந்த நாடுகளுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நல்லதற்கும் நாடா உதவியது. 2013-ம் ஆண்டு பிரிட்டனில் கால்பந்து வீரர்கள் பலர் வானவில் நிற நாடா கட்டி மைதானத்தில் இறங்கினார்கள். தன்பாலின ஈர்ப்பு உடையவர்களை விளையாட்டில் யாரும் கேலி செய்யக் கூடாது, ஒதுக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்லவே இந்த ஏற்பாடு. ஒரு வார்த்தை பேசவில்லை. நாடா பேசியது!

ஏன் அவிழ்கிறது?

அழகாகக் கோத்தாயிற்று. முனை இரண்டும் மேலே வந்தாயிற்று. இனிதான் முக்கியமான கட்டம். முடிச்சு!

"காலையில் இறுக்கித்தான் கட்டினேன். பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிட்டது" என்று பிள்ளை சொல்கிறதா? பொய் என்று அடிக்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம்.

2017-ம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கிளையில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். அவர்களில் ஒருவரை ஓடும் பட்டையின் மேல் ஓட வைத்தார்கள். பூட்ஸை அதிவேகக் காமிராவில் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டது!

ஓடும்போது கால் தரையில் மோதுகிறது. அந்த மோதலின் விசை பூமியின் ஈர்ப்பு விசையைப் போல 7 மடங்கு. ஒவ்வொரு மோதலிலும் முடிச்சு விரிந்து, தளர்ந்து கொடுக்கிறது. அதே சமயம், கால் முன்னும் பின்னும் வீசும்போது நாடாவின் முனைகள் சாட்டை போலச் சுழல்கின்றன. முடிச்சு தளர்கிறது, முனை இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று முனையைப் பிடித்து இழுப்பது போலத்தான்! கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பிறகு சில வினாடியில் முழுவதும் அவிழ்ந்துவிடுகிறது.

உட்கார்ந்தபடி காலை வீசிப் பார்த்தார்கள். அவிழவில்லை. நின்ற இடத்தில் காலை ஓங்கி மிதித்துப் பார்த்தார்கள். அப்போதும் அவிழவில்லை. வீச்சும் மிதியும் சேர்ந்தால்தான் ஆபத்து. அதனால்தான் நடக்கும்போதும் ஓடும்போதும் அவிழ்கிறது.

பாட்டி முடிச்சு கூடாது

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு முடிச்சுகளில் ஒன்று உறுதியானது. மற்றது சீக்கிரம் அவிழ்ந்துவிடுகிறது!

நாடா கட்டுவதில் இரண்டு படி. முதலில் அடி முடிச்சு. அதன் மேல் இரண்டு காதுகளோடு பூ முடிச்சு. அடி முடிச்சை ஒரு பக்கமாகச் சுற்றினால், பூ முடிச்சை எதிர்ப் பக்கமாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் அது ஏமாற்று முடிச்சு. இங்கிலீஷ்காரர்கள் அதைப் 'பாட்டி முடிச்சு' என்பார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவர்கள் அவர்கள்!

உங்கள் முடிச்சு எது? கண்டுபிடிப்பது சுலபம்.

நாடாவை வழக்கம்போலக் கட்டுங்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து குனிந்து பாருங்கள். இரண்டு காதுகளும் பூட்ஸுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருக்கின்றனவா? நல்ல முடிச்சு. கவலை இல்லை.

காதுகள் திரும்பிக்கொண்டு, ஒன்று விரலையும் ஒன்று கணுக்காலையும் பார்க்கின்றனவா? அது பாட்டி முடிச்சு!

அதைத் திருத்துவது எப்படி? ஒரே ஒரு மாற்றம் போதும். அடி முடிச்சுப் போடும்போது இடது நாடாவை மேலே போடுவது உங்கள் பழக்கம் என்றால், இனி வலது நாடாவை மேலே போடுங்கள். வலதை மேலே போடுவது பழக்கம் என்றால், இடதைப் போடுங்கள். அதன் பிறகு பூ முடிச்சை எப்போதும் போலவே கட்டுங்கள். தீர்ந்தது சங்கதி!

நாற்பது, ஐம்பது வயதுவரை பாட்டி முடிச்சே போட்டு வந்தவர்கள் ஏராளம். "எனக்கு வாய்த்த நாடாவே இப்படி" என்று நொந்துகொண்டிருப்பார்கள். தவறு நாடாவில் இல்லை. ஒரு சுற்றில் இருக்கிறது!

வழவழப்பான வட்ட நாடா சீக்கிரம் வழுக்கும். பட்டையான பருத்தி நாடா நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஓடியாடும் பிள்ளைகளுக்குப் பூ முடிச்சில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காதை இழுத்துவிடுங்கள். இன்னும் உறுதியாக நிற்கும். முனையை இழுத்தால் அவிழ்ந்தும் கொடுக்கும்.

காலைக் கெடுக்காத அழகு

பாதத்தின் மேல்பக்கம் சிலருக்கு உயரமாக இருக்கும். நாடா அழுத்தி வலிக்கும். அவர்கள் வலிக்கும் இடத்தில் மட்டும் குறுக்கே கோக்காமல், பக்கவாட்டில் நேராக மேலே ஏற்றிவிட்டு, அடுத்த துளையிலிருந்து குறுக்குக் கோப்பைத் தொடரலாம். அழுத்தம் குறையும்.

சிலருக்கு நடக்கும்போது குதிகால் பூட்ஸிலிருந்து நழுவும். ஓட்டப் பூட்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூடுதல் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இது எதற்கு?" என்று பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான்! நாடாவை அதே பக்கத்துக் கடைசித் துளையில் விட்டு ஒரு சிறு வளையம் ஆக்குங்கள். இடது முனையை வலது வளையத்திலும், வலது முனையை இடது வளையத்திலும் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது.

நீளமாகத் தொங்கும் நாடா ஆபத்து. சைக்கிள் மிதிக்கும்போது பெடலில் சுற்றிக்கொள்ளும். பெரிய கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் உள்ள நகரும் படிக்கட்டில் சிக்கிக்கொள்ளும். படியில் கால் வைக்கும் முன்பே பிள்ளையின் பூட்ஸைப் பாருங்கள். தொங்கும் முனையை உள்ளே செருகிவிடுங்கள்.

முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உடைந்து, நாடா பிரிந்துவிட்டதா? பிரிந்த நூலை முறுக்கி, பசை தடவி, மேலே ஒட்டுத்தாளை இறுகச் சுற்றிவிடுங்கள். மறுபடி துளையில் சுலபமாக நுழையும். புது நாடா வாங்க வேண்டாம்.

நாளை காலையில்...

நாளை திங்கட்கிழமை. காலையில் அடுப்பில் பால் பொங்கும். வாசலில் பள்ளிக்கூட வண்டி கூப்பிடும். அந்த அவசரத்தில் பிள்ளைக்கு முடிச்சுக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆகவே இன்றைக்கே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இடது வலதாகத் தெரியும், குழந்தை குழம்பிவிடும். பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். உங்கள் காலில் நீங்கள் ஒரு தடவை; அதன் காலில் அது ஒரு தடவை. பத்துத் தடவை கட்டி அவிழ்த்தால் விரலுக்குப் பழக்கம் வந்துவிடும்.

எந்தக் கோப்பு வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வண்ணத்துப்பூச்சியோ, ஏணியோ, சதுரங்கமோ! 37 லட்சம் வழி இருக்கிறது. ஒன்று பிடிக்காமலா போகும்?

ஆனால் முடிச்சு மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். காதுகள் குறுக்கே படுக்கும் முடிச்சு.

கோப்பு ஊரார் பார்ப்பதற்கு. முடிச்சு நாம் விழாமல் இருப்பதற்கு!